தொண்ணூற்றொன்று

குசினிக்கு நடுவில் ஒரு ரியூப் லைற்.
வெட்டுப் பலகைக்கு முன்னால் நின்றால்
அது முதுகுக்குப் பின்னால் போய்விடும்.
நாலு வருசமாய் வெங்காயத்தோடு சேர்த்து
என் தலையின் நிழலையும் அரிந்துகொண்டிருந்தேன்.
போன செவ்வாய், விரலையும்.

கஸ்தூரியார் வீதிக் கடைப் பொடியன்
"வெள்ளையோ ரீச்சர், மஞ்சளோ?" என்றான்.
வெள்ளையைப் போட்டுக் காட்டினான்.
அவன் கையே ஐஸ்பெட்டியில் கிடந்த
அறக்குளாத் துண்டு மாதிரி இருந்தது.
மஞ்சளைத் தா என்றேன்.
ஐந்து மீற்றர் சுருள், கூட ஒரு கறுப்புப் பெட்டி.
"கத்தரிக்கோல் கீறியிருக்கிற இடத்தில மட்டும் வெட்டுங்கோ.
பிசகினா மூண்டு பல்ப் செத்துப்போம்."

இவர் வவுனியாவில் இருந்தபடி மேற்பார்வை.
சீனிப் போத்தலில் சாய்ந்து நின்ற முகம்
"மெயினை நிப்பாட்டினனீரோ?" என்று மூன்று தரம் கேட்டது.
நிப்பாட்டினேன்.
சின்னவன் ரோச் பிடித்தான், பிஸ்கற் தின்றபடி.
நான் மேடையில் ஏறி மல்லாக்கப் படுத்தேன்.

கபேட்டின் அடிவயிற்றை
வாங்கிய நாளிலிருந்து ஆர் பார்த்தது?
எண்ணெய்ப் பிசுக்கு. பல்லி முட்டையின் ஓடு.
இவ்வளவு உயரத்துக்கு மஞ்சள்தூள் எப்படி வந்தது?
சவர்க்காரத் துணியால் ஓர் இழுவை.
பிசுக்குப் போனது. பென்சில் போகவில்லை.

        சுவர் 94
        ரீச்சர் தந்தது 91
        ரெண்டுதரம் கேட்டது
        91தான் எண்டவா

கீழே இரட்டைக் கோடு,
விடைக்கு அடியில் போடச் சொல்லி
எட்டாம் வகுப்பில் நான் கத்துகிற அதே கோடு.

மரியநாயகம் ஓடாவி.
கபேட்டைப் பூட்டி முடித்த அன்றைக்கு
சுவரோரம் மூன்று அங்குலம் வாயைப் பிளந்து நின்றது.
"நீங்கள் தந்த அளவுதான், ரீச்சர்."
"இருபது வருசமாய்க் கணக்குப் படிப்பிக்கிறன்,
எனக்கோ அளவு சொல்லித்தாறீர்?"
ஏழாயிரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு
கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். போனார்.
அந்த இடைவெளிக்குள் தாம்பாளத்தையும்
போன வருசக் கலண்டரையும் செருகி வைத்து
வருகிற சனத்துக்கெல்லாம் காட்டினேன்:
"பாருங்கோ, ஓடாவியின்ர வேலை."

"என்னம்மா, கரண்ட் அடிச்சதோ?" என்றான் சின்னவன்.
இல்லை. நாடா.
சட்டை தைக்கிற நாடாவின் நுனி
கிழிந்துபோய் மூன்றில் தொடங்கும்.
எந்த அளவிலும் மூன்றைக் கழிக்கவேண்டும்.
தொண்ணூற்றேழு என்று வந்திருக்கும். கழித்திருப்பேன்.
கொப்பியில் எழுதும்போது, கழிக்க மறந்தேனோ என்று
இன்னொரு தரம்.

சீனிப் போத்தலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
பசைத்தாளை உரித்து உரித்து,
பென்சிலில் படாமல் ஒரு விரல் முன்னுக்குத் தள்ளி,
கட்டைவிரல் நோக ஒட்டிக்கொண்டு போனேன்.
கத்தரிக்கோல் அடையாளம் கபேட்டின் முடிவுக்கு வரவில்லை.
வால்த் துண்டு இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.
வெட்டவில்லை.
மெயினைப் போட்டேன்.

பலகையில் என் கை மட்டும்தான்.
அரிவாளின் முனையில் துருப் பொட்டு,
தேங்காய்ப்பூவுக்குள் ஒரு சிரட்டைத் தூள்,
மேடையின் விளிம்பில் நான் காணாமல் துடைத்துவந்த கறிக்கோடு.
நிழல் எங்கே என்று திரும்பினேன்.
பின்னால், குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றது,
காசு கேட்க வந்த ஆளைப்போல.
இடைவெளிக்குள் தாம்பாளம் பளபளவென்று
கலியாண வீடு மாதிரி.

அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. அழித்துவிட்டேன்.
நாவாந்துறையில் கேட்டால் காட்டுவார்கள்.
ஏழாயிரம், நாலு வருசம்.
வங்கி வீதத்தில் வட்டி போடுவதா,
கூட்டு வட்டியா, தனி வட்டியா?
வெங்காயத் தோலைத் தள்ளிவிட்டு
இந்த வெளிச்சத்துக்குக் கீழேயே
பால்மாப் பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போடுகிறேன்.

இரண்டு தரம் போட்டாயிற்று.
இரண்டு விடை வருகிறது.