ஒன்று புள்ளி எட்டு விநாடி

மூன்று முறை கேட்காமல் எழுதுவதில்லை.
துர்க்கு நகரில் இதை நான் சொல்லாத ஆளில்லை,
மீன் விற்கும் ஹில்க்காவுக்குக்கூட மனப்பாடம்.
முதல் முறை விளக்கை அணைத்துவிட்டு.
இரண்டாம் முறை பாத்திரம் கழுவிக்கொண்டே,
குழாய்ச் சத்தத்தில் எது கரைகிறது என்று பார்க்க.
மூன்றாம் முறை பென்சிலோடு.

இப்படித்தான்
போலந்துக்காரர்களின் இருபத்து மூன்று நிமிட ஆர்கனைத்
தாங்கிக்கொண்டேன்.
ஒசாகாவில் ஒருவர்
குளிர்பெட்டியின் உறுமலை நான்கு பக்கம் பதிந்து அனுப்பியிருந்தார்.
மூன்றாம் முறை, அது வெறும் உறுமல் இல்லை என்று பட்டது.
நான்காம் முறை கேட்டிருந்தால்
உறுமலேதான் என்று பட்டிருக்கும்.
எங்கே நிறுத்துவது என்பதும் விமர்சனம்தான்.

நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
உருகுவேயிலிருந்து ஒரு பொட்டலம்
மூலை நசுங்கி வந்தது, மேலே மூன்று சுங்க முத்திரை.
குழுவின் பெயர் உப்புத் தண்டவாளம்.
அட்டையில் பழைய இறைச்சி ஆலை,
அதன் கூரையில் கால் ஒடிந்த மெல்லோட்ரான்,
பக்கத்தில் மழைக்கோட்டுடன் ஐந்து பேர்.
இதழ் மறுநாள் காலை அச்சுக்குப் போகிறது.
ஒரு முறைதான் கேட்டேன்.
சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பக்கம், பதினொன்றாம் நிமிடம்.
அதுவரை ஆற்றோரச் சாலையில் லாரி போவது மாதிரி
நாலு நாலாய் நகர்ந்த இசை
சட்டென்று கால் இடறி
மூன்றும் நான்குமாய் ஏழில் விழுந்தது.
கிதாரின் அரை வாக்கியம்,
சிம்பலின் வால்,
யாரோ மூச்சிழுக்கும் சத்தம்.
மறுபடி.
மறுபடி.
பதினான்கு தரம், மயிரிழை பிசகவில்லை.
பிறகு எதுவுமே நடக்காததுபோல
லாரி தன் வழியே போனது.

எழுந்து நின்றுவிட்டேன், தனியாக, காலுறையோடு.
'மனிதக் கை இயந்திரப் பிடிவாதத்தை எட்டுகிற இடம்' என்று எழுதினேன்.
'இந்த ஆண்டின் துணிச்சலான இருபத்தைந்து விநாடி' என்றும்.
கடிகாரம் பார்த்துத்தான் எழுதினேன்.
இருபத்தைந்தைப் பதினான்கால் வகுக்க மட்டும்
தோன்றவில்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
டிரம்ஸ் வாசிக்கும் கசிமிரோ எச்செவெரி எழுதியிருந்தார்:

ஐயா, அந்த இடத்தில் நாங்கள் வாசித்தது நாலு.
உங்கள் தட்டில் கீறல்.
ஒரு சுற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு விநாடி,
உங்களுக்குத் தெரியாததா?
ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டு
மொன்டெவிடியோவில் அரங்கம் கிடைத்திருக்கிறது.
அந்த ஏழு கட்டாயம் வேண்டுமாம்.
இரண்டு மாதமாகப் பழகுகிறோம்.
பாஸ் வாசிக்கும் நெலிடா
ஒன்பதாம் சுற்றில் சிரித்துவிடுகிறாள்.
மூச்சை யார் இழுப்பது என்று தினமும் சண்டை.
நட்சத்திரங்களைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?
எத்தனை என்று சொன்னால் போதும்.

அன்றிரவு ஊசியைத் துடைத்தேன்.
அதன் தலையில் ஒரு சின்ன நாணயத்தை ஒட்டினேன்.
விளக்கணைத்து ஒரு முறை.
பாத்திரங்களோடு ஒரு முறை, ஹெர்ரிங் வாசனை கையில்.
பென்சிலோடு ஒரு முறை.

பதினொன்றாம் நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை.
யோக்கியமான, கொஞ்சம் சோம்பலான நாலு.
அந்த மூச்சு இருந்தது, ஒரே தரம்.
ஆனால் கீறல் வெட்டிப்போட்டிருந்த மிச்சமும்
இப்போது கூடவே வந்தது:
வாயைப் பொத்தியும் நழுவிய
ஒரு பெண்ணின் சிரிப்பு,
அதைக் கேட்டு அரைக்கணம் பிந்திய டிரம்.

ஆசிரியர் வெர்னெரி
திருத்தத்துக்கு நாற்பது சொல் ஒதுக்கியிருக்கிறார்.
கீறல், மன்னிப்பு, ஒரு நட்சத்திரம் குறைப்பு,
அதிலேயே முப்பத்தெட்டு போய்விட்டது.

மீதி இரண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கசிமிரோவுக்குத் தனியாக எழுதியாயிற்று:
ஒன்பதாம் சுற்றில் நெலிடாவைத் தடுக்காதீர்கள்.