முன்பணம்

நாற்பத்தைந்து கிலோ.
உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது.
பண்டல் வாங்குகிறவள்
வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கிள்ளானிலிருந்து லோரியில் வந்திறங்கும்.
நீலப் பட்டையை அறுத்ததும்
உஸ்ஸென்று உப்பி எழும்,
யாரோ அமுக்கி அனுப்பிய ஒரு தெரு முழுக்க.
அந்த வாடை பூச்சிமருந்தா, பூட்டிய அலமாரியா தெரியாது.
எனக்கு அதுதான் திங்கட்கிழமை.

டீசட்டை, ஜீன்ஸ், ஜோடியில்லாத காலுறை,
ஏதோ உணவகத்தின் ஏப்ரன் ஏழு,
அடியில் வழக்கம்போல் ஒரு குளிர்கோட்டு.
ஜப்பானில் குளிர் முடிந்தால்
கோலாலம்பூர் வெயிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கோத்தாராயா பக்கத்து அஞ்சடியில்
மூன்று மாதம் தொங்கியது.
சாம்பல் நிறம். ஒரு பித்தானில் மட்டும் சிவப்பு நூல்.
சிம்கார்டு விற்கும் ரஃபிக்
'கரடி' என்று பெயர் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
புக்கிட் நானாஸ் இறக்கத்தில் வருவார்கள்,
வாரத்துக்கு ஒரு நாள்
சொந்த பாஷையில் சிரிக்கிற பெண்கள்.
பணம் அனுப்பும் கடையில் முதல் வரிசை,
என்னிடம் இரண்டாவது.

மரிவிக் விரித்துப் பார்ப்பதில்லை.
அக்குளை முகர்வாள், தையலை இழுப்பாள்,
காலரின் உள்பக்கம் நகத்தால் கீறுவாள்.
"ஊர்ல என் அக்காவுக்கும் இதே வியாபாரம், காக்.
உக்காய் உக்காய்னு சொல்வோம்,
கிளறு கிளறுன்னு அர்த்தம்."

கிளறத் தெரிந்தவளிடம்
விலை சொல்வது கஷ்டம்.
முப்பது என்றேன். சிரித்தாள்.
பதினைந்து என்றாள். நான் சிரிக்கவில்லை.

பாகியோவாம். மலையாம்.
ஜனவரியில் பேச்சு புகையாக வருமாம்.
சொல்லிக்கொண்டே மாட்டி
முப்பத்துநாலு டிகிரியில்
கழுத்துவரை பித்தான் போட்டு
நின்றாள்.
மேலுதட்டில் வேர்வை.
படம் எடுக்கச் சொன்னாள், எடுத்தேன்.
அக்காவிடமிருந்து உடனே பதில்:
விற்கவா, நீ போட்டுக்கொள்ளவா?
அதற்கு மட்டும் அவள் எதுவும் தட்டவில்லை.

இருபத்திரண்டுக்கு முடிந்தது.
கையில் இருந்தது ஐந்து வெள்ளி.
மீதி அடுத்த ஞாயிறு.

அடுத்த ஞாயிறு வரவில்லை.
அதற்கடுத்ததும்.
லீவை நிறுத்திவிட்டார்கள் என்றாள் ஒருத்தி.
ஜோகூர் வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், இன்னொருத்தி.
மூன்றாமவள் சொன்னதை
நான் நம்பவில்லை, எழுதவும் மாட்டேன்.

கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகும் பையன்,
அம்மாவோடு வந்தான்.
எண்பது வெள்ளி.
இரண்டு வார வாடகை பாக்கி.
கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்தான்,
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கையைப் பைக்குள் விட்டான்.
"ஆண்டி, இதுல காசு இருக்கு."
மடித்த ஐந்து வெள்ளி,
கூடவே பழைய ஜப்பான் ரயில் டிக்கெட்டு.
கணக்கு மறக்கக் கூடாதென்று
நானே வைத்தது.

"இது விற்பனைக்கில்ல தம்பி."
அம்மாக்காரி முறைத்தாள்:
"அப்புறம் ஏன் மாட்டி வச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி.

கரடி இப்போது மேசைக்கடியில், பெட்டிக்குள்.
நேற்றைய பண்டலில் இன்னொரு கோட்டு வந்தது, கறுப்பு.
அதைத்தான் மாட்டியிருக்கிறேன்.
தொண்ணூறு சொல்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்
சொல்வதில்லை.