வடக்குச் சுவரில் ஒரு துளை

பட்டாலையின் வடக்குச் சுவரில்
முழங்கால் உயரத்தில்
இரண்டரை அங்குலத் துளை ஒன்று.
அவ்வளவுதான் என் வேலை.
அதற்குப் பதினேழு பங்காளிகள் சம்மதிக்க வேண்டும்.

பள்ளத்தூரில் வீடு ஒன்று, பூட்டு ஏழு.
சுவரைப் படமெடுத்துக்
குழுவில் போட்டார் காரியக்காரர் அடைக்கலம்:
"வைகாசி பதினொன்றில் சோலையாச்சி மகள் கல்யாணம்.
வரவேற்பு இந்த அறையில்தான்.
சம்பந்திகள் பெங்களூர்க்காரர்கள், வேர்க்கக் கூடாது."

கோலாலம்பூரிலிருந்து ஒரு கட்டைவிரல்.
டல்லாஸிலிருந்து ஒன்று.
இரண்டு தெரு தள்ளி இருப்பவர்
"யார் செலவு?" என்று கேட்டார்.
ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார்.
பொழுது சாய்வதற்குள் பதினாலு கட்டைவிரல்.
போதும், போடு என்றார் அடைக்கலம்.

நெஞ்சளவுக்கு ஜப்பான் பூக்கல்.
எல்லாவற்றிலும் ஒரே பூ,
எங்கள் பக்கம் பூக்காத பூ.
ரோஜா என்றான் சிக்கந்தர். தாமரை என்றார் அடைக்கலம்.
இதழைச் சுற்றி நூல் கனத்தில் வரப்பு,
வரப்புக்குள் தேங்கிய பச்சை,
ஊருணிப் படியோரத்தில் நிற்குமே, அந்தப் பச்சை,
ஆழத்தில் கருத்து, மேட்டில் வெளுத்து.
விரலை ஓட்டிப் பார்த்தேன்.
ஓரிடத்திலும் சாயம் வரப்பு தாண்டவில்லை.

செம்புக் குழாய்க்குப் பற்று வைக்கிறவன் நான்.
இருபத்திரண்டு வருஷம்.
கை நடுங்காத நாளிலும்
ஒரு சொட்டு வழிந்துவிடும்.

துளைப்பானைக் கீழே வைத்தேன்.
விரல் மடக்கி ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன்.
கணீர், கணீர், கணீர்,
நாலாவது மட்டும் பொத்தென்றது.
துளையை ஒன்பது அங்குலம் நகர்த்தினேன்.
தண்ணீர் வாட்டம் சரியாக வருமென்று
எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன்.
"அண்ணே, உடைச்சா அஞ்சு நிமிஷம்" என்றான் சிக்கந்தர்.
ரம்ப பிளேடைச் சந்தில் நுழைத்து
ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஆடிக்கொண்டிருந்த பால்பல்லாகக்
கையோடு வந்தது.

திருப்பினேன்.

பின்பக்கம் பூ இல்லை.
சின்னச் சின்னக் கட்டம்,
எனக்குப் படிக்கத் தெரியாத நாலு எழுத்து.
மூலையில் வழிந்த பச்சை.
அந்தப் பச்சையில்
சூளைக்குப் போகுமுன் யாரோ பிடித்துத் தூக்கிய
கட்டைவிரல், ரேகையோடு.
சின்ன விரல்.
பெண்ணாக இருக்கலாம்.
பதினைந்து வயதுப் பையனாகவும் இருக்கலாம்.

கல் இருந்த இடத்தில், சுண்ணாம்பில்
நாலு விரல் இழுத்த கீறல்,
பிடிப்பு வரட்டுமென்று கொத்தனார் இழுத்தது.
அந்தக் கை பெரிய கை.
என் கையை வைத்துப் பார்த்தேன்,
இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

கடன் கேட்டு வந்தவர், பெண் கேட்டு வந்தவர்,
கலெக்டர், ஜமீன் ஆள், பர்மாவிலிருந்து கணக்கோடு வந்தவர்
எல்லோரையும் கும்பிட்டு உட்காரவைத்த அறை.
பூச் சுட்டவரையும் பூ ஒட்டியவரையும்
உட்காருங்கள் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.
அவர்கள் பாட்டுக்குச் சுவருக்குள்
கையோடு கை வைத்து இருந்திருக்கிறார்கள்,
நான் வந்து பிரிக்கும்வரை.

இதையெல்லாம் சிக்கந்தரிடம் சொல்லவில்லை.
துளை போட்டோம். குழாய் நுழைந்தது.
சுற்றிலும் வெள்ளைச் சிமெண்ட் அடைத்து வழிக்கும்போது
ஓரத்தில் என் விரல் பதிந்துவிட்டது.
சரிசெய்ய ஈரம் இருந்தது.
வளையமூடி போட்டால் தெரியாது.
மூடி போட்டேன்.

பழைய தினசரியில் சுற்றிக் கல்லைக் கொடுத்தேன்.
எந்தப் பூட்டுக்குள் வைப்பது என்று
ஏழு சாவியையும் பார்த்தபடி நின்றார் அடைக்கலம்.
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று
படமெடுத்துக் குழுவில் போட்டார்.
முன்பக்கத்துக்கு ஆறு கட்டைவிரல்,
இது என்ன விலை போகும் என்று ஒரு கேள்வி.

பின்பக்கத்துக்கு
நான் வண்டியை எடுக்கும்வரை
ஒன்றும் வரவில்லை.