ஆலஸ்யம்

நகரியில் நாலரைக்கே ஆட்டோ பிடித்தேன்.
தறிச் சத்தம் காதைவிட்டு இறங்கப் புத்தூர் வரை ஆனது.
பல் பிடுங்கிய இடம்போல் அங்கே ஒரு காலி.

ரேணிகுண்டாவில் ஸ்கேனர் என் பையை நிறுத்தியது.
காவலர் ஒடியாக்காரர்.
பட்டுத்துணி முடிச்சை அவிழ்த்தார்.
சீட்டாட்டமா என்று இந்தியில் கேட்டார்.
சகுனம் பார்ப்பது என்றேன், அரைகுறை இந்தியில்.
மேலே இருந்தது, இடி விழுந்த கோபுரம்.
உச்சியிலிருந்து இருவர் தலைகீழாக விழுகிறார்கள்.
விமான நிலையத்தில் அதை மேலே வைத்தது என் பிழைதான்.
கட்டு சரிந்தது. தட்டில் பாதி, உருளைகளில் பாதி.
வரிசை நெருக்கியது. அள்ளிக்கொண்டு வந்தேன்.

பூனாவில் நாளைக் காலை கூடுகிறோம்.
முப்பத்தொரு பேர், ஒரு மண்டபத்து மாடி,
வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு.
போன வருடம் மில்லில் லீவு தரவில்லை.
இந்த வருடம் கணக்குப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு
கேட்காமல் வந்துவிட்டேன்.

ஒன்பது நாற்பது, பதினொன்றே கால் ஆனது.
பிறகு ஒன்றரை.
பிறகு பலகையில் நேரமே இல்லை.
ஒலிபெருக்கி மட்டும் விடாமல் சொன்னது: ஆலஸ்யம், ஆலஸ்யம்.
தெலுங்கில் அது தாமதம். தமிழில் சோம்பல்.
இரண்டும் பேசும் எங்கள் தெருவில்
பஸ் வராததற்கும் பிள்ளை எழாததற்கும் அந்த ஒரு சொல்தான்.
ஐதராபாத்தில் எங்கோ விமானம் போர்வையை இழுத்துக்கொண்டு
இன்னும் அஞ்சு நிமிஷம் என்கிறது.

பக்கத்து இருக்கையில் கோட்டீஸ்வர ராவ்,
முழங்கை வரை புத்தூர்க் கட்டு, முட்டைவெள்ளை வாடை.
"ஃபிளைட் வராதுன்னு உங்க சீட்டு முன்னாடியே சொல்லலியா?"
எதிரே மொட்டைத்தலைச் சிறுவன், சந்தனம் காய்ந்து பொரிந்திருந்தது.
"கிளி எங்க?"
கிளிக்கு டிக்கெட் கிடைக்கலை என்றேன்.
நம்பினான். லட்டில் பாதி கொடுத்தான்,
பச்சைக் கற்பூரம் விரலில் ஒட்டிக்கொண்டது.

மதியம் எண்ணிப் பார்த்தேன்: எழுபத்தேழு.
மறுபடி எண்ணினேன். எழுபத்தேழுதான்.
நான்கு காலி நாற்காலிகளில் வகை பிரித்து அடுக்கினேன்:
கோப்பை, வாள், காசு, கோல்.
ராவ் நல்ல கையால் பிடித்துக் கொடுத்தார்.
கோல்களில் ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பது.
எட்டைக் காணோம்.
வானத்தில் பறக்கும் எட்டுக் கோல்கள்.
விரைவு, வழியில் தடையின்மை, ஆகாயப் பயணம்
என்று நானே எத்தனை பேருக்கு
ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன்!
ராவ் கேட்டார், அது என்ன சீட்டும்மா.
சும்மா குச்சிகள்தான் என்றேன்.

ஆறு மணிக்கு கவுண்டரில் ஜாஹ்னவி.
காலையிலிருந்து நிற்கிறாள்.
தொண்ணூறு பேர் கத்தியதையும் வாங்கிக்கொண்டு
உதட்டுச்சாயம் ஓரங்களில் மட்டும் மிச்சம்.
"அக்கா, ஒண்ணு எடுக்கட்டுமா" என்றாள், மேலாளர் திரும்பியபோது.
வாள் நான்கு. கல்லின்மேல் படுத்த வீரன், நெஞ்சில் கூப்பிய கை.
செத்துப்போயிட்டானா?
இல்லை, தூங்குறான்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"எனக்கு ஒரு கல்லு போதும்" என்றாள்.
பிறகு மைக்கை எடுத்து
ரத்து என்று மூன்று மொழிகளில் சொன்னாள்.

வெளியே போகும் வழியில் காவலர் கூப்பிட்டார்.
சீருடை மாற்றிவிட்டிருந்தார், கையில் டிபன் பை.
உருளைக்குள் சிக்கிக் கிடந்ததாம்.
மூலை மடங்கிய எட்டுக் கோல்.
"இதில் ஆளே இல்லையே" என்றார்,
ஏதோ தான் தொலைத்தவர்போல.

நானும் ராவும் ஒரே ஆட்டோவில் ஜங்ஷன்.
முன்பதிவில்லாப் பெட்டிக்கு ஒரு டிக்கெட்.
பூனா சேரும்போது நாளை மாலையாகிவிடும்,
நாற்காலிகளை மடித்துக்கொண்டிருப்பார்கள்.
பரவாயில்லை, மடிக்க ஒரு கை ஆகும்.
நடைமேடைச் சிமெண்டு இருக்கையில்
சீட்டைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்,
மடிப்பு நிமிரட்டும் என்று.
மேலே ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.
ராவ் என்னைப் பார்த்தார்.
நாற்பது நிமிடம் என்றது,
அந்த ஒரு சொல்லோடு.