கணுக்காலுக்கு மேலே

சயாட்டிகா என்றார் டாக்டர்.
பெயர் நன்றாகத்தான் இருந்தது,
புது டிசைன் கொலுசுக்கு வைக்கலாம்போல.

இருபத்திரண்டு வருசமாய்
சிவதாபுரத்துப் பட்டறையில்
சம்மணம் போட்டு உட்கார்ந்து
வளையத்தோடு வளையம் பற்றவைத்தவள் நான்.
ஊரார் கணுக்காலுக்கெல்லாம் செய்தது போக
எனக்கென்று ஒன்றை
இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து
இடது காலில் பூட்டியிருக்கிறது நரம்பு.
திருகாணி கிடையாது.
சத்தமும் கிடையாது.
தும்மினால் மட்டும்
மணி அத்தனையும் ஒருசேர அதிரும்.

மருந்துக்கடைப் பையன் கொடுத்த சிவப்பு மாத்திரை.
உப்பு ஒத்தடம்.
கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒருவர்
எலும்பு விலகியிருக்கு என்று
முதுகில் ஏறி மிதித்தார்.
இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து
இரண்டு நாள் தவழ்ந்தேன்.
முனிக்குக் கோழி நேர்ந்தது பாக்கி என்றார் மாமியார்.
கோழிக்குக் கால் நன்றாக இருந்தது.
கட்டவிழ்த்ததும் ஓடியே போய்விட்டது.

எங்கள் ஸ்டாப்புக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவே
பதினேழு வேகத்தடை.
டிரைவருக்குத் தெரியாத இரண்டு எனக்குத் தெரியும்.
எழுந்து இடம் கொடுத்த பெண்ணிடம்
வேண்டாம், நிக்கிறேன் என்றேன்.
திமிர் என்று நினைத்திருப்பாள்.

பிசியோதெரபி அறையில் மெர்சலின்.
என் மகள் வயதுகூட இருக்காது.
குப்புறப் படுக்கச் சொன்னாள்,
கையூன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள்,
ஓணான் மாதிரி.
நாற்பத்தாறு வயதில் ஓணான்.
பத்துத் தடவை. அப்புறம் இன்னொரு பத்து.
'இப்ப எங்கக்கா வலி?'
கால்ல இல்ல,
இடுப்புல முன்னவிட ஜாஸ்தி, என்றேன்
அழுகையை அடக்கிக்கொண்டு.
அவள் சிரித்தாள். எனக்கு அறையத் தோன்றியது.
'நல்ல சேதிக்கா.
கீழ இறங்கினாத்தான் பயம்.
மேல ஏறுச்சுன்னா கெளம்புதுன்னு அர்த்தம்.'

நம்பவில்லை.
பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன்:
வெங்காரம் பொங்கி அடங்கினால்தானே
பற்று ஓடுகிறது.
அதற்காக நம்பினேன் என்றில்லை.
மறுநாள் காலையும் ஓணானானேன்.

நின்று வேலை செய்ய ஒரு மேசை கேட்டேன்.
'உக்காந்து செஞ்சாத்தான் கொலுசு'
என்றார் பட்டறைக்கார ராசிபுரத்தார்.
இருபது ஹாலோபிளாக், ஒரு பழைய கதவு.
ரெஜினாவின் மகன் தூக்கி வைத்தான்.
தாழ்ப்பாள் இன்னும் அதில் இருக்கிறது.
கை சும்மா இருக்கும்போது
திறந்து திறந்து மூடுவேன்.
முதல் வாரம் கூலியில் எண்ணூறு குறைந்தது,
காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.
மூன்றாம் வாரம் பூங்கோதை வந்து
'பத்து நிமிசம் நான் நிக்கட்டுமாக்கா?'
எங்கே வலி என்று நான் கேட்கவில்லை.
அவள் கை
பின்தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.
கதவு அகலம்தான்.

ராத்திரி மொட்டை மாடிக்கு ஏறுகிறேன்,
படிக்கு ஒரு மூச்சு.
தூரத்தில் சேர்வராயன் மலை
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.
ஏற்காடு போகும் ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
வளைவுக்கு வளைவு
காணாமல் போய்ப் போய் மேலே தெரிகிறது.
அதற்கும் முன்பே இன்று
நான் கணக்குப் பார்த்தாயிற்று:
கணுக்காலில் இல்லை.
கெண்டைக்காலில் இல்லை.
முழங்கால் மடிப்பில்
எறும்பு ஊர்கிற அளவுக்கு.
நாளைக்கு ஒரு தும்மல் வரும்,
மறுபடி அடிவாரம் வரைக்கும் இறங்கும்.
வரட்டும், வழி தெரிந்த வழிதான்.

கீழே வந்து
மலையைப் போலவே படுக்கிறேன்.
அதன் மடியில் மேகம்.
என் முழங்கால்களுக்கு நடுவே
உறை கிழிந்த தலையணை.