நடுத்துளை

ரியெக்காவில் மூன்று நாளாய் மழை.
துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் நிலவறையில்
ஒரு ஐஸ்பெட்டி கிடக்கிறது, வந்து பார் என்றார்கள்.
கம்ப்ரஸர் செத்துப் பத்து வருஷமாவது இருக்கும்.
கதவைத் திறந்தேன். பாட்டில் இல்லை.
இசைத்தட்டுகள்,
நிறுத்தி அடுக்கியபடி, நனையாமல்.
யாரோ கெட்டிக்காரர்.

கூலிக்குப் பதிலாய் எடுத்துக்கொள் என்றார் காவலாளி.
அணிவகுப்புப் பாட்டு, பித்தளை வாத்தியக் குழு,
மறுபடியும் அணிவகுப்பு.
எல்லாவற்றுக்கும் பின்னால், அட்டையில்
ஒரு கிரேனின் நிழலோடு:
‘ஏழாம் ஷிப்ட்’, 1977.
எலக்ட்ரிக் பியானோ நெவென்கா ஷ்கர்பா.
பாஸ் திஹோமிர் ப்ளெஷே.
சாக்ஸபோன்காரர் பெயர்மேல் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.
உறைக்குள் மடித்த ஒரு பத்திரிகைத் துணுக்கு:
‘திறமையான குழு. பாஸ் வாசிப்பவருக்கு மட்டும்
யாராவது காது வாங்கிக் கொடுக்கலாம்.’

பட்டறையில் போட்டுக் கேட்டேன்.
ஏழு எண்ணிக்கை.
இருட்டில் மாடி ஏறும்போது
இல்லாத ஒரு படியைக் கால் தேடுமே, அந்த ஏழு.
டிரம்ஸ் ஆணி அறைகிறது,
இரண்டு அறைக்கு நடுவே சாக்ஸபோன்
விரலை நுழைத்து நுழைத்து எடுக்கிறது.
நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.
அப்புறம் பாஸ் ஒரு நீண்ட சுரம் பிடித்தது.
மேலே போனது, கீழே வந்தது,
கட்டிப்போட்ட படகில் நிற்பவனைப் போல.
துணுக்கு சொன்னது சரிதான், பாவம்.

ஆனால் நான் ரிப்பேர்க்காரன்.
மனிதன் கன்னாபின்னாவென்று தப்புவான்.
இது ஒழுங்காகத் தப்பியது.
இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு, ஒவ்வொரு தடவையும்,
தட்டு ஒரு சுற்று முடிக்கும் நேரம்.
குனிந்து ஊசியின் கையைப் பார்த்தேன்:
இடம், வலம், இடம், வலம்,
நான் இல்லை, நான் இல்லை என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.

துளை நடுவில் இல்லை.
ஒன்றரை மில்லிமீட்டர்.

வட்ட அரத்தால் துளையை அகலமாக்கி
நகத்தால் தள்ளித் தள்ளி
கை அசையாமல் நிற்கும்வரை நகர்த்தினேன்.
அதே சுரம் வந்தது.
நட்ட கம்பம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார் நெவென்கா.
வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.
முதல் பக்கம் முடியும்வரை
என் உதிரிபாக டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘முந்நூறு பிரதி. முந்நூறும் இப்படித்தான்.
மாஸ்டர் டேப்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள்.
அவன் பாஸின் மெட்டுக்கட்டைகளைக்
குறடால் பிடுங்கி எறிந்தவன்,
சுரம் வழுக்கிப் போகட்டும் என்று.
அதனால் எல்லாரும் நம்பினோம்.
சாக்ரெப்பிலிருந்து திரும்பும்போது வேனில்
நாக்கில் நரம்பில்லாமல் நான்தான் பேசினேன்.
அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
மறுநாள் கட்டைகளை ஒவ்வொன்றாய்
திரும்ப அடித்து உட்கார்த்தினான்,
கப்பல் ஏறினான்.’

கொஞ்சம் கழித்து:
‘என் பியானோவும் ஆடித்தானே இருக்கும்?
அதை அழகு என்றார்கள்.’

தட்டைத் திருப்பிப் போட்டேன்.
மறுபக்கம் முன்பு சரியாக இருந்தது.
ஒன்றைத் திருத்தப்போய்
இதை நான் கெடுத்திருந்தேன்.
நீண்ட சுரங்கள் எல்லாம் இங்கே அவருடையவை,
ஒவ்வொன்றும் தள்ளாடியது,
கை மறுபடி இடம், வலம்.
அரத்தை எடுக்கப் போனேன்.

‘விடு,’ என்றார். ‘ஓடட்டும்.’

இருபத்திரண்டு நிமிஷம், நின்றபடியே.
அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது,
சாக்ஸபோன்காரர் பெயரைக் கேட்கவில்லை.