எட்டு

கோரிமேட்டில் விசில் கயிறு அறுந்தது,
ஆறு நாற்பது வண்டியில்.
அன்று முழுக்க விசிலைப் பல்லில் கடித்தபடி
சில்லறை எண்ணினேன்.
டிக்கெட் என்று வாய் திறந்தால்
வண்டி நின்றது.

மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம், அமலோற்பவம்.
ஏற்காட்டில் ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறவர்.
அடிவாரம் தாண்டியதும் பையிலிருந்து
பச்சைக் கம்பளிப் பந்து வெளியே வரும்.
ஊசி கிடையாது. இரண்டு விரல்.
பார்வையை வெளியே விட்டால் குமட்டுமாம்,
விரலில் வைத்தால் அடங்குமாம்.
வண்டி வளைய வளைய
புறங்கை வழியே இறங்கும் ஒரு கயிறு.

கேட்க வாய் வரவில்லை.
ஐம்பத்து மூன்று வயது நடத்துநர்
பின்னல் பழக யாரிடம் மனுக் கொடுப்பது?
மீதி தருகிற சாக்கில்
கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டேன்.

ஒண்டிக்கடையில் சிவப்பு நூல் வாங்கினேன்.
"வீட்டம்மாவுக்கா?" என்றார் ஸ்வெட்டர் கடைக்காரர்.
தலையை ஆட்டி வைத்தேன், எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

ஏரிக்கரையில் வண்டி இருபது நிமிடம் நிற்கும்.
மூடுபனி வந்து ஏரியை எடுத்துக்கொண்டு போய்விடும்.
எனக்கு வசதி. கடைசி சீட்டு.
ஆள்காட்டிக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால்,
சுற்றி வந்தால் ஓர் எட்டு.
அதன்மேல் இன்னோர் எட்டு.
கீழ் வளையத்தைத் தூக்கி
மேல் வளையத்தின் தலைக்கு மேலாக
விரல் நுனி தாண்டி விட வேண்டும்.
நான் மேலதை விட்டேன்.
இரண்டு நாள் மேலதையே விட்டேன்.
மூன்றாம் நாள் கயிறு வந்தது,
விரல் நீலமாகிவிட்டது.

"எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினவன் நான்,
என்கிட்டக் கேட்கக் கூடாதா?"
ஓட்டுநர் செங்கோடன், கையில் டீ.
"இறுக்காதீங்க. ஸ்டியரிங்கை இப்படிப் பிடிச்சா
ஒரு வளைவுகூடத் திரும்பாது."
நூலைத் தொட்டதே இல்லாத ஆள்.
சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை என் கழுத்தில் சிவப்புக் கயிறு.
இறங்கும்போது, பதினான்காவது கொண்டை ஊசியில்
யார் மடியிலோ இருந்த குழந்தை
நுனியைப் பிடித்து ஓர் இழு.
அவ்வளவுதான்.
ஒரு முழக் கயிறு
முழம் முழமாக நூலாகி மடியில் விழுந்தது.
விசில் சீட்டுக்கடியில் உருண்டது.
நூல் மட்டும் நேராகவில்லை,
நெளி நெளியாகக் கிடந்தது மலைப்பாதை போல.

யோசித்தேன். தொடக்கம் பார்த்திருக்கிறேன்,
நடு பார்த்திருக்கிறேன்.
முடிவதற்குள் அவர் ஒண்டிக்கடையில் இறங்கிவிடுவார்.

திங்கட்கிழமை மீதியோடு
அவிழ்ந்த நூலையும் நீட்டினேன்.
"இது எப்படிங்க முடியும்?"
முதல் முறையாக விரலை விட்டுக் கண்ணை எடுத்தார்.
"கடைசி வளையத்துக்குள்ள நுனியை விட்டு..."
என்றவர்,
"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று
பந்தை என் கையில் திணித்து
ஜன்னலுக்குத் திரும்பினார்.

சட்டைப்பை விசிலை எடுத்து
ஒற்றை ஊதல். செங்கோடன் ஓரம் கட்டினார்.
எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
நான் அவருடைய பச்சைக் கயிற்றின் வளையங்கள் இரண்டையும்
என் விரல்களில் மாட்டிக்கொண்டு
அசையாமல் நின்றேன்.